போக விட்டார்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. மூன்று வாரத்துக்கு முன் மான்செஸ்டரிலிருந்து நீ அனுப்பிய நான்கு வரிகளுக்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் வராததால், அவற்றையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

இந்த வயதில் ஆங்கில மரபுத்தொடர்களைப் படிக்க உட்கார்ந்திருக்கிறேன். 'அண்டர் த வெதர்' என்றால் வானிலைப் பேச்சு அல்ல, உடம்பு சரியில்லை என்று பொருள். 'கார்டனிங் லீவ்' தோட்ட வேலைக்கான விடுப்பு அல்ல. வேலையை விட்டு விலகுபவருக்கு அறிவிப்புக் காலம் முடியும்வரை சம்பளம் கொடுத்து, அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று வீட்டில் இருத்துவது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் இவை பிடிபடுவதில்லை.

'தே லெட் மீ கோ' என்று எழுதியிருந்தாய். விடுப்புக் கொடுத்துப் போக விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, பயணச்சீட்டு எடுத்தாயா என்று பதில் போட்டேன். பெரியம்மா வீடு வரை சென்று, பொங்கலுக்கு நீ வருவதாகச் சொல்லிவிட்டும் வந்தேன். இதை நினைத்துக் கவலைப்படாதீர்கள் என்ற பொருளில் நீ 'டோன்ட் லூஸ் ஸ்லீப் ஓவர் இட்' என்றதற்கு, நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதினேன். 'தே லெட் மீ கோ' என்றால் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று பொருளாம். நம் மொழியிலும் 'வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்' என்றால் அதுதானே பொருள்? அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் மொழியில் அவர்களுக்கு நிகராகப் பேசுகிறவள் நீ. ஆனாலும் அப்பாவிடம் இதைத் தமிழில் சொல்லியிருக்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தெருவில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் நம் திண்ணைக்குத்தான் எடுத்து வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாய். புரியாத தொடர் வந்தபோதெல்லாம் யாரிடமும் கேட்காமல், முன்பின் வரிகளைக் கொண்டு ஊகித்து, உறுதியான குரலில் பொருள் சொல்லி அனுப்பினேன். எத்தனை பேருக்குத் தவறாகச் சொன்னேனோ என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் நீ ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டபோது, எனக்கும் தெரியாததால்தான் 'இதுகூடத் தெரியாதா' என்று அதட்டினேன்.

அவர்கள் கொடுத்த கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார். 'லெட் கோ' என்பது பூசி மெழுகும் பேச்சு. ஆட்குறைப்பில் வேலை போவதைக் குறிக்கும் 'ரிடண்டன்ட்' என்பதோ சட்டச் சொல். 2 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர்களை அப்படி அனுப்பினால் அங்கே சட்டப்படி இழப்பீடு உண்டு. நீ சேர்ந்து மூன்றாண்டு ஆகிவிட்டது. புரியாவிட்டால் கேள், வெட்கப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு. பெரியம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா