கூச்சத்தில் மறைக்கப்படும் கோளாறு

ஆசிரியருக்கு,

மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும் நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீர்ப்பைக் கோளாறு வருகிறது. இதைக் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்ல எங்கள் பெண்கள் மிகவும் கூச்சப்படுகிறார்கள். அடிக்கடி சிறுநீர் போவது, சிறுநீர்ப்பை அவசரமாகச் சுருங்குவதாலும் வரும், முழுதாகக் காலியாகாததாலும் வரும். அவசரத்தை அடக்கும் மாத்திரை இரண்டாவது வகையினருக்குத் தேக்கத்தைக் கூட்டிவிடலாம். ஆகவே முதலில் சிறுநீரில் கிருமித்தொற்று உண்டா என்று பார்க்க வேண்டும். அப்புறம், சிறுநீர் கழித்த கையோடு ஸ்கேன் செய்து பையில் தங்கிய மீதியை அளக்க வேண்டும். 100 மில்லிலீற்றருக்கு மேல் என்றால் கவனம் தேவை. வலியே இல்லாத, சில நிமிட வேலை இது. 3 நாள் குடித்ததையும் கழித்ததையும் கொப்பியில் குறித்துக் கொண்டுபோனால் வைத்தியருக்குப் பெரிய உதவி. மூதூர், கிண்ணியாவிலிருந்து வருவோருக்கு இந்த ஸ்கேனைக் கிளினிக் நாளிலேயே செய்துகொடுக்க அதிகாரிகள் வழிசெய்ய வேண்டும்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை