கெட்சிகனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், அம்மா, மருமகப்பிள்ளை எல்லோரும் சுகம்தானே? உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. இவ்வளவு நாள் பதில் போடாதது என் தப்புதான், கோவிச்சுக்காதே.

இங்கே அலாஸ்காவில் மரத்தைச் செதுக்கிக் கும்பிடுகிறார்களா என்று அம்மா கேட்டிருந்தாளே, அது சாமி இல்லை, டோட்டம் கம்பம் என்று சொல். குலத்தின் கதையும் அடையாளமும்தான். ஊருக்கு வடக்கே 16 கிலோமீட்டரில், கடலை ஒட்டி, டோட்டம் பைட் என்று ஒரு பூங்கா. கம்பங்கள் அங்கே மழையிலேயே நிற்கின்றன.

இந்தக் கம்பங்களைச் செதுக்கும் இங்கத்திய பூர்வகுடிகளான கிளிங்கிட் ஜனங்களில் அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பிரிவு. ஒரு பிரிவில் பிறந்தவன் மற்றதில்தான் பெண் எடுக்க வேண்டும். பிள்ளை அம்மாவின் குலம். அதனால் அந்தக் காலத்தில் பையனுக்கு எட்டுப் பத்து வயதானதும் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேட்டை, குலக்கதை எல்லாம் மாமன்தான் சொல்லிக்கொடுப்பான். குளிர்காலக் கடலில் முங்கவைத்து உடம்பை உரமாக்குவதும் அவன்தான்.

கம்பத்துக்குச் செஞ்சிடார் மரம். வைரத்தில் உள்ள எண்ணெய்ச் சத்தால் லேசில் உளுக்காது. பெரிய கம்பமென்றால் பின்பக்கத்தைத் தோணி மாதிரி குடைந்துவிடுவார்கள். எடையும் குறையும், காயும்போது முன்பக்கம் வெடிப்பதும் குறையும். கிட்டப் போய்ப் பார்த்தால் வாய்ச்சி கொத்திய தடம் மீன் செதில்போல வரிவரியாகத் தெரிகிறது. பழைய காலத்துச் சாயத்துக்குச் சால்மன் சினையைச் சிடார் பட்டையோடு மென்று துப்பி, அந்தப் பசையில் கரியும் செங்காவியும் குழைப்பார்கள்.

அப்படியும் இந்த மழையில் நூறு வருஷம் தாங்குவது அபூர்வம். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பாகம் முதலில் போகும். உச்சியில் பாசி பிடித்து, அதில் விதை விழுந்து முளைத்து, வேர் வெடிப்புக்குள் இறங்கிவிடும். விழுந்த கம்பத்தை முன்பெல்லாம் தூக்கி நிறுத்த மாட்டார்களாம். செதுக்குவதும் நிறுத்துவதும் எதிர்ப்பிரிவின் வேலை. திரும்ப நிறுத்தினால் திரும்பவும் பெரிய விருந்து வைத்து அவர்களுக்குச் செய்முறை செய்ய வேண்டும். இப்போது இருப்பவை 1938-இல் அரசாங்க வனத்துறை தொடங்கிய வேலையின் வழிவந்தவை. ஜனங்கள் விட்டுப்போன ஊர்களிலிருந்து சிதைந்த கம்பங்களைக் கொண்டுவந்து, புது மரத்துக்குப் பக்கத்தில் கிடத்தி, கிளிங்கிட் சிற்பிகளும், ஹைடா என்ற இன்னொரு பூர்வகுடிச் சிற்பிகளும் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள்.

பக்கத்திலேயே குலவீடு. வாசல் சின்னது, குனிந்துதான் நுழைய வேண்டும். நடுவில் கணப்பு, சுற்றிலும் பலகை மேடை. இந்த மாதிரி வீட்டில் 30 முதல் 50 பேர் வரை இருப்பார்களாம். ஆச்சி வீட்டில் கொடைக்குப் போனால் பட்டாசல் முழுக்கப் பாய் விரித்துப் படுப்போமே, அதுதான் கண்ணுக்குள் நின்றது அக்கா.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பக்கத்து வீட்டுக் கிளிங்கிட் பாட்டி புகைபோட்ட சால்மன் தருகிறாள். புளிக்குழம்பில் போட்டால் கருவாடு மாதிரியே சேர்கிறது. ஒரு சட்டி வைத்தால் நாலு நாளைக்கு வரும்.

கம்பம் நிறுத்தும் விருந்தில் பிள்ளைகளுக்குக் காதும் குத்துவார்கள் என்று அவள் சொன்னதிலிருந்து நம் பயல் நினைப்புதான். நீ எழுதியிருந்த மாதிரி அவன் காதுகுத்தைத் தை மாதம் வைக்க வேண்டாம் அக்கா. வைகாசிக்குத் தள்ள முடியுமா என்று அத்தானிடம் கேள். வேறு யார் மடியிலும் வைத்துக் குத்திவிடாதே. கடுக்கனுக்குப் பணம் இரண்டு தடவையாக அனுப்புகிறேன், அப்படித்தான் அனுப்ப முடியுமாம். அதற்குள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தா கடுக்கன் இருக்கிறதா பார். இருந்தால் உருக்க வேண்டாம், திருகை மட்டும் ஆசாரியிடம் காட்டு.

அன்புடன்,
தம்பி