கிழவரின் பேச்சைத் திருத்தாதீர்கள்

பிறமொழி நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாராவது மரியா எட்ஜ்வர்த்தின் 'காஸில் ராக்ரென்ட்' நாவலில் கை வைப்பதாக இருந்தால், அதற்கு முன் ஒரு வாசகனின் முறையீடு.

1800இல் ஆசிரியர் பெயர் போடாமலே லண்டனில் வெளிவந்த சின்ன நாவல். அயர்லாந்தின் நிலவுடைமைக் குடும்பம் ஒன்று குடியிலும் வழக்கிலும் சூதிலும் சொத்தைக் கரைத்த கதை. ஆனால் சுவை கதையில் இல்லை, சொல்கிற வாயில் இருக்கிறது. அந்தப் பண்ணையிலேயே வாழ்ந்த காரியக்காரக் கிழவர் தேடி (Thady) குவர்க்கின் வாய். ('தாடி' என்று எழுதிவிடாதீர்கள், முகத்தில் முளைத்துவிடும்.)

பண்ணையின் எஜமான் சர் பாட்ரிக் குடித்தே சாகிறார். சவ ஊர்வலத்தை மறித்துக் கடனுக்காகப் பிணத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். வாரிசு சர் மர்ட்டா, 'இப்படி அவமானப்படுத்திய பிறகு ஒரு காசு தரமாட்டேன்' என்று கடனையே கைகழுவுகிறார். அந்தப் பறிமுதலே நாடகம் என்று ஊரில் பேச்சு. கிழவர் அதையும் சொல்லிவிட்டு, குடும்பத்துக்கு ஆகாதவர்கள்தான் அதை நம்பினார்கள் என்கிறார். விசுவாசமா, விஷமமா? அடுத்து வந்த எஜமான்கள் சர் கிட், சர் காண்டி காலம் எல்லாம் முடிந்து பண்ணை போய்ச் சேர்வது கிழவரின் சொந்த மகன், வக்கீல் ஜேசனிடம்! அதற்கும் அப்பாவி போல அழுகிறார் மனிதர்.

இந்தப் பேச்சை இலக்கணச் சுத்தமாக்கினால் சந்தேகம் போய்விடும், நாவலும் போய்விடும். மூச்சுவிடாமல் நீளும் வாக்கியங்களை நறுக்காதீர்கள். அதற்காகத் தஞ்சாவூர்ப் பண்ணையாளாகவும் மாற்ற வேண்டாம். ஊர் தெரியாத பேச்சுத்தமிழே போதும்.

'ராக்ரென்ட்' குடும்பப் பெயர்தான், ஆனால் குடியானவனைக் கசக்கிப் பிழியும் குத்தகை என்று பொருள். பெயரை அப்படியே விட்டு, பொருளைப் பின்னிணைப்பில் சொல்லுங்கள். எட்ஜ்வர்த்தே ஒரு சொல்விளக்கம் சேர்த்திருக்கிறார். குத்தகைக்காரர்கள் கூலியில்லாமல் செய்த வேலைக்குச் சொல் தேட வேண்டாம், நம்மிடம் 'வெட்டி' இருக்கிறது. இன்று அதற்குப் பொருள் மாறிவிட்டது வேறு விஷயம்.

இன்னொன்று. தொடக்கத்திலேயே கிழவர் தன் நீண்ட மேலங்கியைப் பற்றிச் சொல்வார். கையை நுழைப்பதில்லை, கழுத்தில் ஒற்றைப் பொத்தானில் தொங்கும். அங்கே ஓர் அடிக்குறிப்பு: ஐரிஷ்காரனின் போர்வை கலகக்காரனுக்குப் படுக்கை, திருடனுக்கு மறைப்பு என்று கவிஞர் ஸ்பென்சர் எழுதியது. பக்கம் மிச்சப்படுத்த அதை வெட்டிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்