கீழே ஓடுகிறது, மேலே நின்றுவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டை ஒட்டிய மரங்களைக் கழித்துவிடுங்கள் என்று வருஷா வருஷம் பத்திரிகைகளும் அதிகாரிகளும் சொல்கிறீர்கள். சரியான பேச்சுதான். ஆனால் அந்தக் கிளையில் கயிறு கட்டி நின்று அறுக்கிறவரின் கையில் உள்ள மிஷின் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பதை யாரும் எழுதக் காணோம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஸ்பிரேயரும் மரம் அறுக்கும் மிஷினும் ரிப்பேர் பார்க்கிறவன் நான். அதனால் எழுதுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்துப்போட்ட பிறகுதான் இந்த மிஷின் இங்கே ஊருக்கு ஊர் வந்தது. மரம் ஏறுகிறவர்கள் கேட்பது கைப்பிடி மேலே உள்ள சின்ன ரகத்தை. 25 முதல் 35 சிசி, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சேர்க்காமல் மூன்று கிலோவை ஒட்டிய எடை. இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறிவிடலாம்.

"அண்ணே, கீழ நல்லா ஓடுது, மேல போனா நின்னுடுது." சீசன் நேரத்தில் இந்தப் புகார் வராத நாள் இல்லை. விற்றவரிடம் கொண்டுபோனால் கார்புரேட்டரை மாற்றச் சொல்லிவிடுகிறார். பல நேரம் அது வீண் செலவு. பழைய டிவிஎஸ் 50 கார்புரேட்டரில் மிதவை உண்டு, வண்டியைச் சாய்த்தால் பெட்ரோல் வழியும். இதில் மிதவையே கிடையாது. டயாபிரம் என்ற மெல்லிய சவ்வுதான் பெட்ரோலை இழுத்து அளந்து விடுகிறது. ஆகவே எப்படித் திருப்பிப் பிடித்தாலும் இது ஓடியாக வேண்டும்.

ஓடவில்லையா, முதலில் டேங்கைப் பாருங்கள். மிஷின் நின்றதும் இறக்கி, சற்று ஆறவிட்டு, மூடியை மெல்லத் திருகுங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அடுத்த இழுப்பில் கிளம்பினால் குற்றம் கார்புரேட்டரில் இல்லை. டேங்குக்குக் காற்று விடுகிற குட்டி வால்வு தூசியில் அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புகாமல், கடைசியில் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏறாமல் மிஷின் நின்றுவிடும். கடை வாசலில் ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. நாலு கிளை அறுத்த பிறகுதான் தெரியும், அதுவும் உச்சியில். வால்வு சரியாக இருந்தால், வளைத்த கம்பியால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரை வெளியே இழுங்கள். அதைத் தாங்கும் ரப்பர் குழாய் துவள வேண்டும். விறைத்துப்போன குழாயில் ஃபில்டர் ஒரே இடத்தில் நிற்கும். மிஷினைச் சாய்த்தால் பெட்ரோல் ஒரு பக்கம், ஃபில்டர் மறுபக்கம்.

குழாயும் டயாபிரமும் ஏன் இப்படி விறைக்கின்றன? வயசும் ஒரு காரணம். இன்னொன்று பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. கார், பைக் பற்றி ஊரெல்லாம் விவாதித்தார்கள், இந்தச் சின்ன இன்ஜினை யாரும் நினைக்கவில்லை. என்னிடம் வரும் மிஷின்களோடு இருந்த கையேடுகள் சிலவற்றில் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்றே அச்சிட்டிருக்கிறது, ஆங்கிலத்தில். சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் காட்டுவது இதுதான்: கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 100 மில்லி பெட்ரோல். குலுக்கி வைத்தால் அடியில் இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 30 மில்லிக்கு ஏறி நிற்கும். ஏறியது எத்தனால். கடலோர ஈரக்காற்றில் கேனை அரைகுறையாக மூடி வைத்தாலும் மெல்ல மெல்ல இதே வேலை நடக்கும். பிரிந்து அடியில் தங்கும் அந்தத் தண்ணீர்ச் சாராயத்தில், இன்ஜின் தேயாமலிருக்க நாம் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் இருக்காது, அது மேலே பெட்ரோலோடு போய்விடும். ஃபில்டர் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. எண்ணெய் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் கோடு கோடாகச் சீவிக்கொண்டு பிடித்துவிடும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். 50க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், மூடிக் கணக்கு வேண்டாம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள்.

"இழுவை இல்லை" என்று வருகிற மிஷினில் நான் இன்ஜினைத் தொடுமுன் செயினைத்தான் பார்ப்பேன். தென்னங்கட்டை செயினின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். மரத்தூள் சீவல் சீவலாக விழாமல் மாவாகக் கொட்டினால் கூர் போய்விட்டது. சின்ன மிஷினின் செயினுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் உருண்டை அரம்தான். அதைப் பையில் வைத்திருப்பவர் குறைவு, அழுத்தி அறுப்பவர்தான் அதிகம். அழுத்தினால் கிளட்ச் புகையும், அவ்வளவுதான் பலன். செயினும் கூராக இருந்து இழுவை இல்லையென்றால் சைலன்சருக்குள் இருக்கும் பொறி தடுக்கும் வலையைக் கழற்றிப் பாருங்கள். கரி அப்பியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

சில கோளாறுகளை மட்டும் நான் "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்புவதில்லை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் உடனே இறங்காமல் கத்திக்கொண்டிருந்தால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, செயின் ஊர்ந்தால், ஒன்று ஐடிலிங் திருகாணி அதிகம் ஏற்றப்பட்டிருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. செயின் பிரேக் பிடிக்கவில்லை என்றால் பேச்சே இல்லை. தொடைக்கு அருகில் தொங்குகிற மிஷின் அது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுக்கிற பழக்கமும் இருக்கிறது நம்மவர்களுக்கு. கையேடுகள் இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்கின்றன.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விற்கிறவர்கள் மிஷினோடு தமிழில் நாலு பக்கக் கையேடும், ஒரு டயாபிரம் செட்டும் தரட்டும். எத்தனால் எத்தனை விழுக்காடு என்பதைப் பெட்ரோல் பங்க்குகளில் தமிழில், கண்ணில் படுகிற அளவில் எழுதட்டும். விவசாயிகளுக்கு மானியத்தில் கருவி கொடுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை, செப்டம்பர் மாதத்தில் மரம் ஏறுகிறவர்களைக் கூப்பிட்டு அரை நாள் வகுப்பு எடுக்கலாம். மிஷினைக் கழற்றிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் சம்பளம் இல்லாமல் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ரிப்பேர் கடைக்காரர் ஒருவர்,
பட்டுக்கோட்டை.