தனிக் கணக்கு தொடங்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்குவோருக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள் என்பது. நல்ல யோசனைதான். ஆனால் பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது. சிறு தொழில் செய்வோருக்குக் கணக்கு எழுதும் எங்களைப் போன்றவர்கள் பார்ப்பது இதைத்தான்: வங்கிக் கணக்கு இரண்டு இருக்கும், வீட்டுக் கடன், வண்டிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி மூன்றுக்கும் தவணை தொழில் கணக்கிலிருந்தே போய்க்கொண்டிருக்கும். தொழில் லாபத்தில் ஓடுகிறதா, பழைய கடனுக்குத் தீனி போடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உரிமையாளர் தனக்கென்று ஒரு மாதச் சம்பளத்தை நிர்ணயித்து, சொந்தக் கடன் முழுவதையும் அந்தச் சம்பளத்திலிருந்து மட்டுமே கட்டத் தொடங்கும்போதுதான் பணம் உண்மையில் பிரிகிறது. வாடிக்கையாளர் தரும் பணம் எதுவானாலும் தொழில் கணக்குக்கே வர வேண்டும். அங்கிருந்து மாதத்தில் ஒரே நாளில், ஒரே தொகை சொந்தக் கணக்குக்குப் போக வேண்டும். தவணைகள் அதற்கு மூன்று, நான்கு நாள் கழித்துப் பிடிக்கப்படும்படி கடன் கொடுத்தவரிடம் எழுதிக் கேட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் இதற்கு இசைகின்றன. தேதி பொருந்தாததால் மட்டுமே தவணை திரும்பி, அபராதமும் கட்டி, கடன் வரலாற்றிலும் கறை விழுவது அடிக்கடி நடக்கிறது.

சம்பளத்தை எவ்வளவு என்று வைப்பது? இங்கேதான் பெரும்பாலோர் சராசரியைப் பிடித்துக்கொண்டு சிக்கிக்கொள்கிறார்கள். தொழில் செலவும் வரியும் போக நான்கு மாதங்களில் கையில் நின்றது 70,000, 35,000, 90,000, 50,000 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 61,250. மாதம் 61,000 எடுத்தால் முதல் மாதம் 9,000 மிஞ்சும். இரண்டாம் மாதமே 17,000 குறையும். அந்தக் குறை கார்டில் போய் உட்காரும். நான்காம் மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் சரியாக 1,000 மிஞ்சியிருக்கும். ஆனால் நடுவில் ஏறிய வட்டி அந்தக் கூட்டலில் தெரியாது. அதே தொழிலில் மாதம் 40,000 மட்டும் எடுத்தால் ஒரு மாதம்கூடக் குறையாது. நான்காம் மாத முடிவில் 85,000 தொழில் கணக்கில் நிற்கும். ஆகவே, மோசமான மாதத்தை ஒட்டியே சம்பளத்தை வையுங்கள். மூன்று மாதச் சம்பளமும் மூன்று மாதத் தொழில் செலவும் இருப்பாகச் சேரும்வரை அதை உயர்த்த வேண்டாம். அப்படி வைத்த சம்பளம் வீட்டுச் செலவுக்கும் தவணைக்கும் போதவில்லை என்றால், அந்தத் துண்டு முதல் மாதமே கண்ணுக்குத் தெரிகிறது. கலந்து கிடக்கும் கணக்கில் அது தெரிய ஒரு வருடமாகும்.

மூன்றாவதாக ஒரு கணக்கு வரிக்கு வேண்டும். சம்பளக்காரருக்கு வரி பிடித்தம் போகத்தான் பணம் கைக்கு வந்தது. இனி பெரும்பாலும் முழுத் தொகையும் வரும், சம்பளத்தில் பிடித்ததுபோல் மாதாமாதம் பிடிக்க ஆள் இருக்காது. பில்லில் சேர்த்து வாங்கிய விற்பனை வரி அரசுக்குச் சேர வேண்டியது. அதையும் வருமான வரிக்கான உத்தேசத் தொகையையும் பணம் வந்த அன்றே ஒதுக்கிவிட வேண்டும். மாதக் கடைசியில் மிச்சத்திலிருந்து ஒதுக்கலாம் என்று நினைத்தால், ஒதுக்க மிச்சம் இருக்காது.

முன்பணத்துக்கும் இதே கவனம் தேவை. வேலையை முடித்துக் கொடுக்கும்வரை முன்பணம் உங்கள் வருமானமல்ல, கொடுத்தவருக்கு நீங்கள் பட்ட கடன். அதில் சொந்தத் தவணை கட்டியவர், சரக்கு வாங்க அடுத்த வாடிக்கையாளரின் முன்பணத்தை எதிர்பார்க்கிறார். ஒரே ஒரு ஆர்டர் ரத்தானால் போதும், எல்லாம் ஒன்றாகச் சரியும்.

கிரெடிட் கார்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று கணக்குப் போடுகிறோம். வட்டிக்கு வட்டி சேரும்போது அது 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. 1 லட்சம் பாக்கியில் மாதாமாதம் வட்டியைச் சேர்த்த நிலுவையில் 5 சதவீதம், அதாவது குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தால், 12 மாதத்தில் சுமார் 55,000 கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் 77,000 நிற்கும். கட்டியதில் 32,000 வட்டிக்கே போயிருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. முந்தைய மாத பாக்கியை முழுதாகக் கட்டாமல் கொண்டுவந்தால், வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை பொதுவாகப் போய்விடுகிறது. புதிதாக வாங்கும் சரக்குக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. பழைய வீட்டுச் செலவு பாக்கி நிற்கும் கார்டிலேயே தொழிலுக்கும் சரக்கு எடுத்தால், அந்தச் சரக்கின் லாபத்தில் ஒரு பங்கு முதல் நாளே கரைகிறது. வாடிக்கையாளர் 45 நாள் கழித்துப் பணம் தருபவர் என்றால் கேட்கவே வேண்டாம். பாக்கியுள்ள கார்டை ஒதுக்கி வைத்து அடைக்க மட்டும் செய்யுங்கள். தொழிலுக்கு வேறு கார்டு வைத்து, மாதாமாதம் முழுதாகக் கட்டுங்கள். கார்டில் ரொக்கம் எடுப்பது எந்த நிலையிலும் வேண்டாம். எடுக்கும்போதே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? அதிக வட்டிக் கடனை முதலில் அடை என்பது பொது விதி. கார்டு விஷயத்தில் அதுவே சரி. மற்றக் கடன்களில், நிலையான சம்பளம் இல்லாதவர் வேறொன்றையும் பார்க்க வேண்டும்: கட்டும் தொகையோடு ஒப்பிட்டால், எதை அடைத்தால் மாதக் கட்டாயச் செலவு அதிகம் குறையும்? 20,000 பாக்கியுள்ள கடனுக்கு மாதத் தவணை 5,000. 2 லட்சம் பாக்கியுள்ள கடனுக்கு 6,000. இரண்டாவதில் வட்டி ஓரிரு சதவீதம் கூடுதலாக இருந்தாலும், முதலாவதை முடித்துவிடுவதே மேல் என்பது எங்கள் கருத்து. தொழில் மந்தமான மாதத்தில் உயிர் காப்பது அந்த 5,000தான். வீட்டையோ தொழிலுக்கான வண்டியையோ ஈடாக வைத்த கடனின் தவணை மட்டும் எந்தச் சூழலிலும் தவறக் கூடாது.

தொழில் கணக்கிலிருந்து அவசரத்துக்கு வீட்டுக்குப் பணம் எடுக்க நேர்ந்தால் அன்றே தேதி போட்டு 'எடுப்பு' என்று எழுதுங்கள். சொந்தப் பணத்தைத் தொழிலில் போட்டால் 'மூலதனம்' என்று எழுதுங்கள். தனிநபர் கடன் வாங்கித் தொழிலில் போட்டவர், கடன் தொகை வந்ததற்கும் அது தொழில் கணக்குக்கு மாறியதற்கும் ஆதாரம் வைத்திருக்க வேண்டும். அதன் வட்டியைத் தொழில் செலவாகக் காட்ட நினைக்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தடயம்தான். பாதி கல்யாணத்துக்கும் பாதி இயந்திரத்துக்கும் போன கடனைப் பின்னால் பிரித்துக் காட்டுவது பெரும் பாடு. வாரத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கி வங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டால் இவை எதுவும் மலையாகச் சேராது.

தனிக் கணக்கு இருப்பதால் தொழில் கடனுக்கு வீடு பொறுப்பாகாது என்று நம்புவோரும் இருக்கிறார்கள். தனி உரிமையாளராகத் தொழில் செய்பவரைச் சட்டம் தொழிலிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. தொழில் பட்ட கடன் அவர் பட்ட கடன்தான். நிறுவனமாகப் பதிவு செய்திருந்தாலும், சொந்த உத்தரவாதத்தில் கையெழுத்திட்டால் அந்த அளவுக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

இன்னும் வேலையில் இருப்பவர்கள், கடனை மறுசீரமைப்பதோ குறைந்த வட்டிக்கு மாற்றுவதோ சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். தொழில் தொடங்கிய பிறகு வருமான ஆதாரம் காட்டப் பல மாதக் கணக்கு தேவைப்படும். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசுங்கள். கால நீட்டிப்பு கேட்க அதுவே நல்ல நேரம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கடன் திட்டங்களை ஒப்பிட்டுச் செய்தி வெளியிடும்போது, குறையும் அசலுக்கான, அதாவது தவணை கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் கணக்கிடும் வட்டி விகிதத்தையே அச்சிடுங்கள். மாறா அசலுக்கு, அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை, 12 சதவீதம் என்று மூன்று வருடத் தவணையில் தரப்படும் கடன், குறையும் அசலில் பார்த்தால் ஏறக்குறைய 21 சதவீதம். புதிதாகத் தொழில் தொடங்குபவர் இந்த இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட்டுத் தவறான கடனைத் தேர்ந்தெடுக்கிறார்.

இப்படிக்கு,
சிறுதொழில் கணக்கர்கள் சிலர்