இன்னொரு இயங்குதளம்: கேட்பவர் ஆள் தருவாரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் போன வாரம் ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. இலவசத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எழுதுகிறவர்கள் விண்டோஸோடு நின்றுவிடுகிறார்கள், லினக்ஸ்காரர்களையும் மேக் வைத்திருப்பவர்களையும் கண்டுகொள்வதில்லை என்பது அவருடைய வருத்தம். மூல நிரல்தான் திறந்து கிடக்கிறதே, இன்னொரு இயங்குதளத்துக்கு மாற்றித் தருவதில் என்ன கஷ்டம் என்றும் கேட்டிருந்தார். நான் பகலில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரியில், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அவர் சொல்லும் ரகத்தைச் சேர்ந்த ஒரு சின்ன விசைப்பலகை மென்பொருளைப் பராமரிக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம்.

விசைப்பலகை மென்பொருளில், எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் ரொம்பச் சின்னது. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையின் பட்டியலை எந்த இயங்குதளத்துக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். வேலை முழுக்க அந்தப் பட்டியலுக்கும் கணினிக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் 'k' விசையைத் தட்டினால் 'க்' வர வேண்டும். அடுத்து 'a' விசையைத் தட்டினால் புள்ளி மறைந்து 'க' ஆக வேண்டும். திரையில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட எழுத்தின் ஒரு துண்டை மென்பொருள் திரும்பப் போய் அழிக்கிறது என்று அர்த்தம். இதற்கு விண்டோஸில் ஒரு வழி, மேக்கில் வேறொரு வழி. லினக்ஸில் ஐபஸ் என்று ஒரு சட்டகம், அதற்குப் போட்டியாக இன்னொன்று. போதாததற்கு, பழைய எக்ஸ்11 திரை அமைப்பில் ஒரு நிரல் மற்ற நிரல்களுக்குப் போகும் விசைகளை ஒட்டுக்கேட்க முடிந்தது. புதிய வேலாண்டில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் அதை நம்பி எழுதிய நிரலெல்லாம் போச்சு.

எங்கள் மாணவர் ஒருவர் லினக்ஸ் பதிப்பு எழுதியே தந்தார். நன்றாக எழுதியிருந்தார், ஓடியது. அப்புறம் அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. போய்விட்டார், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகை வேலாண்டுக்கு மாறியதும் அந்தப் பதிப்பு படுத்துவிட்டது. எங்கள் மூவரில் யாரும் தினசரி லினக்ஸில் தமிழ் அடிப்பவர்கள் இல்லை. பிழை வந்தால் நாங்களாகக் கவனிக்கப்போவதில்லை, யாராவது திட்டி எழுதினால்தான் தெரியும். அப்படி ஒரு பதிப்பை 'ஆதரிக்கிறோம்' என்று போட்டுக்கொள்வது பொய். அதனால் சோதனைப் பதிப்பு என்று சீட்டு ஒட்டித் தனியே வைத்தோம், பிரதான நிரலில் சேர்க்கவில்லை. யானையைக் கட்டித் தீனி போட எங்களால் ஆகாது.

அந்த வாசகர் தவித்து நிற்க வேண்டியதும் இல்லை. மேக் கணினியில் அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு முறை, தமிழ்99 இரண்டையும் ஆப்பிளே கொடுத்திருக்கிறது. லினக்ஸில் ஐபஸோடு எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 கிடைக்கும். கீமேன் என்ற திறமூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடுகிறது. 1993இல் விண்டோஸில் லாவோஸ் நாட்டின் லாவோ மொழியை அடிப்பதற்காகத் தொடங்கப்பட்டது அது. அவ்வளவு தளங்களில் அது நிற்கக் காரணம், எஸ்ஐஎல் என்ற நிறுவனம் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு பைத்தான் என்ற நிரல் மொழிக்காரர்களுடையது. எந்தத் தளத்தை ஏற்பது, எதைக் கைவிடுவது என்பதற்கு பெப் 11 என்ற ஆவணம் வைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்கு. முதல் அடுக்குத் தளத்தில் ஏதாவது உடைந்தால் வெளியீடே நிற்கும். இரண்டாம் அடுக்குக்குக் குறைந்தது இரண்டு மைய உறுப்பினர்கள் பொறுப்பேற்க வேண்டும், மூன்றாம் அடுக்குக்கு ஒருவராவது. 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13இல்தான் ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் மூன்றாம் அடுக்கில் ஏறின. உலகத்தில் பாதிப் பேர் கையில் இருக்கும் தளத்துக்கே கடைசி பெஞ்ச்! அதற்கு முன் பல வருடம், பைத்தானைக் கைபேசிக்குக் கொண்டுபோகும் பீவேர் திட்டத்தினர் அதற்கான மாற்றங்களை வெளியிலிருந்தே சுமந்துகொண்டிருந்தார்கள். சுமக்க ஆள் உண்டு என்று நிரூபித்த பிறகுதான் கதவு திறந்தது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கு அந்த அடுக்குகளில் எங்கேயும் இல்லை, கவனியுங்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, இணையத்தில் போகும் தகவலை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல் சாட்சி. சில தளங்களில் நினைவக ஒதுக்கீடு மெதுவாக இருக்கிறதென்று அதற்குள் சொந்தமாக ஒரு இடைத்தரகரை வைத்துக்கொண்டார்கள். அதனால் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் போன்றவற்றில் இருந்த, நினைவகத் தவறைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வசதி செயலற்றுப்போனது. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. கோபப்பட்ட ஓபன்பிஎஸ்டி குழு அந்த நிரலைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் ஆக்கியது. ஓஎஸ்/2, நெட்வேர், 16-பிட் விண்டோஸ் என்று செத்துப்போன தளங்களுக்கான பகுதிகளை வெட்டினார்கள். மற்ற களையெடுப்பையும் சேர்த்து முதல் வாரத்திலேயே போனது 90,000 வரிக்கு மேல்.

அதே குழு மற்ற தளங்களை ஒதுக்கிவிடவும் இல்லை. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் அவர்களுடைய ஓபன்எஸ்எஸ்ஹெச் இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. மைய நிரலை ஓபன்பிஎஸ்டிக்கு மட்டும் என்று சுத்தமாக எழுதுகிறார்கள். மற்ற தளங்களுக்கு வேண்டிய ஒட்டுவேலையை வேறொரு அணி 'போர்ட்டபிள்' பதிப்பாகத் தனியே செய்கிறது. சின்னத் திட்டங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. புதுத் தளத்தில் ஓடவிட்டால் பழைய தளத்தில் ஒளிந்திருந்த பிழைகள் வெளிவரும் என்ற வாதமும் உண்மைதான். பார்க்க ஒருவர் இருந்தால்.

கைவிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் டிடிபி கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் அதற்கு இலவசத் திருத்தங்களை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த லிப்ரெஆபிஸ் 25.8 என்ற இலவச அலுவலக மென்பொருளை அதில் நிறுவ முடியாது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் 115 என்ற பழைய பதிப்புக்கு மட்டும் அந்தக் கணினிகளுக்காகவே பாதுகாப்புத் திருத்தம் கொடுத்து, காலக்கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். அதை வெளியிடும் மொசில்லாவுக்குக் கட்டுப்படியாகும். தன்னார்வலர் நான்கு பேரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் கைவிடும் தேதியை முன்கூட்டியே அறிவிப்பது அவர்களும் செய்யக்கூடியதே. பலர் செய்வதில்லை, அங்கே வாசகரின் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

எங்கள் நிபந்தனை இதுதான். லினக்ஸ் பதிப்பு வேண்டுமென்றால், தினமும் லினக்ஸில் தமிழ் அடிக்கும் ஒருவர், ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் தன் கணினியில் போட்டுப் பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'கொ' எந்தச் செயலியில் உடைகிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும். அவர் விலகும்போது மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். வேறு ஆள் வராவிட்டால் அந்தப் பதிப்பு மறுபடி சோதனைப் பட்டியலுக்குப் போகும். கணினித் துறை உள்ள கல்லூரிகள் இதை ஒரு மாணவரின் திட்டப்பணியாக விடாமல், ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குக் கைமாற்றும் பொறுப்பாக ஏற்றால் எங்களைப் போன்ற பல திட்டங்கள் பிழைக்கும்.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இலவச மென்பொருளை அறிமுகப்படுத்தும்போது, எந்தெந்த இயங்குதளத்தில் ஓடும் என்பதோடு, ஒவ்வொன்றிலும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற தேதியையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.