பழம்புடவைப் போர்வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். இரண்டு நாளாக முட்டிவலிகூட இல்லை. "பங்களாதேஷில் வெள்ளத்தைத் தவிர என்னம்மா இருக்கிறது? இரண்டு வருடம் பொறு, நானே உன்னைப் பாரிஸுக்குக் கூட்டிப் போகிறேன்" என்று ஃபோனில் கேட்டாய். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது பங்களாதேஷின் தெற்கே, பரிசால் நகரத்தில் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டாக்காவில் இறங்கியதும் முதலில் ஷஹீத் மினாருக்குத்தான் போனேன். 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காகக் குண்டடிபட்டு இறந்தவர்களின் நினைவிடம். 1965இல் உன் தாத்தா மொழிப் போராட்டத்தில் அடிவாங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறியபோது அவர் நினைவாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மாலை, பரிசாலுக்கு லாஞ்ச் ஏற டாக்காவின் சதர்காட் படகுத்துறை. மழைக்காலம் என்பதால் புரிகங்கா நிறைந்து ஓடியது. நாலு மாடி உயர லாஞ்சுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. 2022இல் தெற்கே போகும் வழியில் பத்மா நதிமேல் பாலம் திறந்துவிட்டார்கள், 6.15 கிலோமீட்டர் நீளம். அதன்பிறகு பலரும் பஸ்ஸுக்கு மாறிவிட்டதால் லாஞ்சில் முன்போலக் கூட்டம் இல்லையாம். நான் கேபின் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கீழ்த்தளத்தில், குடும்பம் குடும்பமாக விரிப்பு போட்டுப் படுத்திருந்தவர்களுக்கு நடுவில் என் முதுகுப்பையை இறக்கினேன்.

பக்கத்தில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். என்னிடம் விரிப்பு இல்லை என்று கண்டதும் தன் காந்தாவில் பாதியை என் பக்கம் இழுத்துவிட்டாள். காந்தா என்பது பழம்புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த போர்வை. புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்களாம். அரிசி நீளத்துக்கு ஓட்டுத்தையல், மூலைக்கு மூலை அதே தையல்தான். தடவினால் துணி சின்னச் சின்ன அலையாகச் சுருங்கியிருப்பது உள்ளங்கையில் தெரிகிறது. ஆச்சி உன் தொட்டிலில் மடித்துப் போட்ட நூல்புடவையும் இதே மென்மைதான்.

அவளுக்குக் கார்மென்ட்ஸில் வேலை, சட்டைக்குக் காலர் தைக்கிறாள். டிவி தொடர் பார்த்துக் கற்ற அவள் இந்தியும் ஆபீஸில் கற்ற என் இந்தியும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. சல்வாருக்கு மேல் நீ டொராண்டோவிலிருந்து அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டிருந்தேன். அவள் என் கழுத்துப்பக்கம் கைவிட்டுத் துணிச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பங்களாதேஷ். உடனே காலரைப் புரட்டி, தையல்வரி மேல் நகத்தை ஓட்டி, முனையில் ஒருகணம் நிறுத்தி, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். 2013 ஏப்ரலில் டாக்கா பக்கத்துச் சாவாரில், கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போன செய்தியைப் பேப்பரில் படித்து, ஐயோ பாவம் என்று பக்கத்தைப் புரட்டியவள் நான். அந்த நகத்தைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள், ஊரில் பாட்டியிடம் வளர்கிறாள். பார்த்து எட்டு மாதம் ஆயிற்று என்றாள். விடியும் முன்பே எழுந்து தலைவாரிக்கொண்டாள். படகுத்துறையில் பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் குழந்தை ஒளிந்துகொண்டது. இவள் ஓடிப்போய்த் தூக்கவில்லை. பையைக் கீழே வைத்து, ஈரத் தரையிலேயே குந்தி உட்கார்ந்து, அது தானாக வரட்டும் என்று காத்திருந்தாள். வெகுநேரம் ஆயிற்று. பிறகு வந்தது.

நீ முதல் லீவுக்கு வந்தபோது, வளர்ந்து மெலிந்துபோன உன்னைத் தொடத் தயங்கி ஏர்போர்ட்டில் நான் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அன்று நீதான் முதலில் வந்தாய்.

நேற்று ஜாலக்காட்டிப் பக்கம் பீம்ருலி வாய்க்காலில் கொய்யாச் சந்தை பார்த்தேன். கரையில் கடை கிடையாது, படகிலிருந்து படகுக்கே வியாபாரம். ஆடியில்தான் கொய்யா குவிகிறது, அவர்களுக்கு அது ஸ்ராபண் மாதம். ஒரு பெரியவர் இரண்டு பழத்தைக் கையில் திணித்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்தது பாகேர்ஹாட், அறுபது குவிமாட மசூதி. பெயரில்தான் அறுபது, கூரைமேல் 77 குவிமாடங்கள். எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.

அடுத்த லீவுக்குப் பாரிஸ் வேண்டாம் பாப்பா. டாக்காவுக்கு டிக்கெட் போடு. கீழ்த்தளத்திலேயே உனக்கும் இடம் பிடித்துவைக்கிறேன். ஆச்சியின் புடவைகள் நாலு இன்னும் டிரங்குப்பெட்டியில் இருக்கின்றன. ஊருக்குப் போனதும் தைக்கத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
அம்மா